அலமாரிக்குப் பூட்டு எதற்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில், அப்பாவின் நினைவாக ஒரு தகர அலமாரி வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் ஞாயிறுதோறும் நிரப்புவோம். இல்லாதவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். தெருவில் மூன்று நான்கு வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு தருகிறார்கள். ஆனால் ஒரு பெண்மணி திங்கட்கிழமை விடிந்ததுமே வந்து பாதியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். கழுத்தில் சங்கிலி போட்டிருக்கிறார். பார்த்தால் கஷ்டப்படுகிறவர் போல இல்லை. தகுதியானவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று பக்கத்து வீடுகளில் சொல்கிறார்கள். பூட்டுப் போட்டு, ரேஷன் அட்டையைப் பார்த்துக் கொடுக்கலாமா? அல்லது கேமரா வைக்கலாமா? அதற்குப் பணம்கூட எடுத்துவைத்துவிட்டோம். மீந்த சாப்பாட்டை வைக்கலாமா, அப்பா பெயரை எழுதலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ம., வேலூர்

அன்புள்ள ம.,

அப்பா பெயரைத் தாராளமாக எழுதுங்கள். மீந்த சாப்பாடு வேண்டவே வேண்டாம். 32 டிகிரிக்கு மேல் போனால் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பார்கள். நம் ஊரில் சித்திரையில் 40ஐத் தாண்டுகிறது, தகர அலமாரிக்குள் இன்னும் கூடுதலாக இருக்கும். சோற்றில் வளரும் ஒரு கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது, அது விட்டுப்போகிற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சென்னை பெசன்ட் நகரில் 2017ல் சாப்பாடு வைக்கப் பொதுக் குளிர்ப்பெட்டி வைத்தார்கள், அது வேறு. உங்களுடையது வெறும் தகரம். சரி, இது போதும்.

அந்தச் சங்கிலிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

அது தங்கமா என்று உரசிப் பார்த்தீர்களா? நம் ஊர்களில் கஷ்டம் வந்தால் வீட்டை விட்டு முதலில் வெளியே போவது சங்கிலிதான். அடகுக் கடைக்குப் போகிறது. அது போன விஷயம் மாமியாருக்கும் எதிர்வீட்டுக்கும் தெரியக் கூடாது என்று மறுநாளே ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்தது வசதியின் அடையாளமாக இருக்கலாம், வசதி போனதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். தெருவில் நின்று பார்க்கிற யாராலும் அதைச் சொல்ல முடியாது. அவர் ஒரு வீட்டுக்கு எடுக்கிறாரா நான்கு வீட்டுக்கு எடுக்கிறாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கிளம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். குழித்தறி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும், பாவு நமுத்துப்போகும், நெய்ய முடியாது, நெய்யாவிட்டால் கூலி இல்லை. அந்த மாதங்களில் எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு பெரிய வீட்டில் அம்மாவுக்கு அரிசி கொடுப்பார்கள். மனம் ஒப்பித்தான் கொடுத்தார்கள், அளவிலும் குறைவைத்ததில்லை. ஆனால் திண்ணையில் உட்காரவைத்து, என்ன குழம்பு வைத்தாய், வீட்டுக்காரர் குடிக்கிறாரா, பெரியவனை வேலைக்கு அனுப்பினால் என்ன என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அளப்பார்கள். திண்ணையில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் சேர்ந்து கேட்பார்கள். தண்ணீர்க் குழாய் அந்த வீட்டைத் தாண்டி இருந்தது. அரிசி வாங்கிய பிறகு அம்மா அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டார். பின்தெரு வழியாகச் சுற்றி, இடுப்பில் குடத்தோடு, சேற்றில், அந்த மழைக்காலம் முழுவதும். சில வாரம் வீட்டில் ஒன்றும் இல்லாமல் இருந்தும் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பசியோடு இருந்தோம், அரிசி நாலு வீடு தள்ளி இருந்தது, நடுவில் அந்தத் திண்ணை இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை தம்பி. நீங்களும் நல்லவர்தான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்கள் அலமாரியில் திண்ணை இல்லை. அதன் பெருமையே அதுதான். 2016ல் அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலத்து ஃபயட்வில் ஊரில் ஜெசிகா மெக்லார்ட் என்ற பெண், தெருவோரப் புத்தகப் பெட்டிகளைப் பார்த்து, அதே மாதிரி மரப்பெட்டியில் உணவுப் பொருள் வைத்தார். காவல் கிடையாது, பேரேடு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் வந்து எடுக்கலாம். கொரோனா காலத்தில், 2021 ஏப்ரலில், பிலிப்பைன்ஸில் மணிலா பக்கம் மகின்ஹாவா தெருவில் ஒரு இளம்பெண் மூங்கில் வண்டியில் காய்கறி வைத்து, முடிந்ததைக் கொடுங்கள், தேவையானதை எடுங்கள் என்று அட்டையில் எழுதி வைத்தார். சில நாளில் நாடு முழுக்க அந்த மாதிரி வண்டிகள் வந்துவிட்டன. அங்கேயும் ஆள் யார், எந்த அமைப்பு என்று போலீஸ் விசாரிக்க வந்தது, பயத்தில் ஒரு நாள் மூடினார்கள், மறுநாளே திறந்தார்கள். கேள்வி கேட்காத இடத்துக்குத்தான் கேள்விக்குப் பயந்தவர்கள் வருவார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். 1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பணக்காரன் வாங்கிவிடுவானே என்று அன்றைக்கும் கேட்டார்கள். வசதி உள்ளவர்கள் பலர் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்பதே இல்லை, இல்லாதவன் பட்டியலில் விடுபட்டுப் பட்டினி கிடக்கவும் இல்லை. ஒருவர் கூடுதலாக எடுப்பதைத் தடுக்கப் போய் பத்துப் பேரைக் கூசவைக்கிற ஏற்பாடு எனக்கு எந்த நாளும் பிடித்ததில்லை.

ரேஷன் அட்டை என்கிறீர்களே, உங்கள் தெருவில் யார் நடமாடுகிறார்கள் என்று பார்த்தீர்களா? 1900ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் காட்பாடியில் ரயில் இறங்கி வந்து, பத்து நாள் என்று நினைத்தது இரண்டு மாதமாகி, லாட்ஜ் வாடகைக்கும் மருந்துக்கும் போக மீதியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிற குடும்பங்கள். அவர்களிடம் எந்த அட்டையைக் கேட்பீர்கள்? பேசக்கூட மொழி இல்லை. ஊரில் நிலம் நீச்சோடு இருந்தவர்களாகவும் இருப்பார்கள், நல்ல சட்டைதான் போட்டிருப்பார்கள், நீங்கள் பார்த்தால் அவர்களும் கஷ்டப்படுகிறவர்கள் போல இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நிரப்புகிற பொருளை மாற்றுங்கள். 2011லிருந்து அட்டைக்கு அரிசி இலவசம், நம் ஊர்க் குடும்பங்களுக்குக் குறைவது அரிசி அல்ல. எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய்த்தூள், சோப்பு, நாப்கின். லாட்ஜில் இருப்பவர்களுக்கோ அடுப்பு மூட்டாமல் சாப்பிடுகிற பொருள் வேண்டும். நமக்குப் பொரி என்றால் ஆயுதபூஜை ஞாபகம் வரும். வங்காளிகளுக்கு அது அன்றாடச் சாப்பாடு, முரி என்பார்கள், வெங்காயம் பச்சைமிளகாயோடு கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். பீகார்க்காரர்கள் அவலைத் தயிரில் ஊறவைப்பார்கள், வறுத்த கடலைமாவைத் தண்ணீரில் கரைத்தே வயிற்றை நிறைத்துக்கொள்வார்கள். நீங்கள் வைக்கிற ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? கால் கிலோ பொட்டலமாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகக் கொட்டாமல், பங்கு தருகிற வீடுகள் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டு, காலையில் கொஞ்சம், இருட்டிய பிறகு கொஞ்சம் என்று வையுங்கள். திங்கட்கிழமை வருகிறவர் அன்றைக்கு இருப்பதை எடுத்தாலும் செவ்வாய்க்கிழமைக்கு வேறு இருக்கும். உங்கள் புகாரும் பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம், அவர் வரும் நேரத்தில் ஜன்னலோரம் யாரும் நிற்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

கேமராவுக்கு எடுத்துவைத்த பணத்தோடு இந்த வாரம் லாங்கு பஜார் போங்கள். பொரி, அவல், பொட்டுக்கடலை, சின்ன எண்ணெய்ப் பாக்கெட். எறும்பு ஏறாத மூடி போட்ட டப்பா நாலு. லாட்ஜ்களுக்கு வங்காளத்தில் பலகை எழுதித் தருகிறவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களிடம் தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் ஒரு பலகை எழுதி வாங்குங்கள்: எடுத்துக்கொள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். அப்பா பெயர் அதற்குக் கீழே வரட்டும்.