ஸ்கீ பையோடு சாங்கிக்குக் கிளம்பும் முன்

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவர் சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தபோது வாங்கிய ஸ்கீ ஜோடி, 177 செ.மீ. நீளம், வீட்டு பாம் ஷெல்டரில் பல வருஷமாகக் கிடக்கிறது. ஜனவரியில் பனிச்சறுக்குக்காக ஜப்பானின் நிசேக்கோ போகிறோம். டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அங்கிருந்து சப்போரோவுக்கு பட்ஜெட் விமானத்தில் தனி டிக்கெட். ஸ்கீயை ஏற்றுவார்களா? தனியாகக் காசு கேட்பார்களா? பேசாமல் அங்கேயே வாடகைக்கு எடுத்துவிடலாமா?"

ஏற்றுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். கால்ஃப் பை, சர்ஃப் பலகை மாதிரி ஸ்கீயும் விளையாட்டுச் சாமான் கணக்கில் வரும். கேபினுக்குள் கொண்டுபோக முடியாது, ஊன்றிச் சறுக்கும் கம்புகளுக்கும் அதே கதைதான். காசு விஷயத்தைத்தான் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் பயணம் ஒன்று, டிக்கெட் இரண்டு.

முதல் டிக்கெட்டில் பெரிய தலைவலி இல்லை. ஜப்பான் தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எடையைத்தான் பார்க்கிறது, பெட்டிகளை எண்ணுவதில்லை. டிக்கெட்டில் போட்டிருக்கும் கிலோவுக்குள் சூட்கேஸும் ஸ்கீ பையும் சேர்ந்து அடங்க வேண்டும், எந்த உருப்படியும் தனியாக 32 கிலோவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கோடு சேர்த்து ஸ்கீ ஜோடி 5 முதல் 7 கிலோ, பூட்ஸ் 4 கிலோ சொச்சம், கம்புகள் அரைக் கிலோ, சக்கரம் வைத்த பை ஒரு 3 கிலோ. ஆக 13, 14 கிலோ போய்விடும், மிச்சத்தில்தான் குளிர்காலத் துணிமணி. பையின் நீளத்தை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிப் பதிந்துவிடுங்கள். இதுவே ஜப்பான் ஏர்லைன்ஸ், ஏ.என்.ஏ. (ANA) மாதிரி உருப்படிக் கணக்குப் பார்க்கும் நிறுவனமாக இருந்தால் எகானமியில் 23 கிலோ வீதம் இரண்டு உருப்படி, ஸ்கீ பை அதில் ஒன்றாகப் போகும்.

இரண்டாவது டிக்கெட்தான் வம்பு. நரிட்டாவில் இறங்கியதும் பையை எடுத்துக்கொண்டு சுங்கச் சோதனை முடித்து வெளியே வர வேண்டும், அப்புறம் உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி முதலிலிருந்து செக்-இன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இறங்குவது முனையம் 1. உங்கள் பட்ஜெட் விமானம் முனையம் 3 என்றால் அந்த நீளப் பை, சூட்கேஸ், பிள்ளைகள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஷட்டில் பஸ் ஏற வேண்டும். பட்ஜெட் விமானத்தில் கீழே போகும் சாமானுக்குத் தனியாகக் காசு; இணையத்தில் முன்னாலேயே வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் கேட்டால் வயிறு எரியும் விலை. சிங்கப்பூரில் தந்த எடைச் சலுகை அங்கே செல்லாது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் தனி டிக்கெட் என்பதால் இரண்டு பக்கமும் கையை விரித்துவிடுவார்கள்.

இன்னும் அந்த இரண்டாவது டிக்கெட்டை வாங்கவில்லை என்றால், சப்போரோவின் ஷின் சித்தோசே விமான நிலையம் வரை ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிடுங்கள். அப்போது வெளிநாட்டுப் பயணத்துக்கான சாமான் அளவே உள்நாட்டுக் கட்டத்துக்கும் பொருந்தும். தனி டிக்கெட்டாகப் போனால் ஜப்பானின் பெரிய நிறுவனங்களிலும் சாதாரண வகுப்புக்கு 20 கிலோதான் இலவசம். பார்க்கும்போது விலை கூடத் தெரியும், ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பல சமயம் அதுதான் லாபம்.

வாங்கிவிட்டீர்களா? சரி, அதற்கும் வழி இருக்கிறது. யமாட்டோ என்ற கூரியர் நிறுவனம், கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகள், 1983 முதல் ஸ்கீக்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. நரிட்டாவிலேயே கவுன்டரில் பையைக் கொடுத்தால் நேரே ஹோட்டலுக்குப் போய்ச் சேரும், நீங்கள் கைவீசிக்கொண்டு விமானம் ஏறலாம். நிசேக்கோ இருக்கும் ஹொக்கைடோ தீவுக்கு ஓரிரு நாள் பிடிக்கும் என்பதால் போன மறுநாளே சறுக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. டோக்கியோவில் ஓரிரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. திரும்பும்போது ஹோட்டல் வரவேற்பறையிலேயே கொடுத்து விமான நிலையத்துக்கு அனுப்பலாம், அதற்கும் சில நாள் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

பை கட்டுவதில் அவசரம் வேண்டாம். இரண்டு ஸ்கீயையும் அடிப்பாகம் ஒன்றோடொன்று பார்க்கும்படி சேர்த்தால், பைண்டிங்கில் இருக்கும் பிரேக் கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை போட்டு இறுக்கிவிடுங்கள், ஆடக் கூடாது. அடி வாங்குவது எப்போதும் நுனியும் வாலும்தான். பையைச் செங்குத்தாக வைக்கும்போது மொத்த எடையும் கீழே இருக்கும் முனையில் இறங்கி, கூரான எஃகு விளிம்பு உள்ளேயிருந்து ஜிப்பை அறுத்துவிடும். தடித்த காலுறை, பழைய துண்டு எதையாவது முனையில் நன்றாகச் சுற்றிவிடுங்கள். நடுவில் பைண்டிங் மேல் பனிக் கால்சட்டையைத் திணித்தால் இடமும் மிச்சம், பாதுகாப்பும் ஆயிற்று. ஒன்று, ஸ்கீ பைக்குள் ஸ்கீ சாமான் தவிர வேறெதுவும் கூடாது என்று கறாராக இருக்கும் நிறுவனங்களும் உண்டு, விதியைப் படித்துவிட்டுத் திணியுங்கள்.

தண்ணீர் புகாமல் துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே தீப்பற்றக்கூடியது, அதை எந்தப் பையிலும் வைக்க முடியாது. சூடேற்றும் கையுறை, காலுறை இருந்தால் அவற்றின் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள், பவர் பேங்கும் அப்படியே.

சாங்கியில் அந்த நீளப் பையோடு தானியங்கி இயந்திரத்தில் நிற்காமல் ஆள் இருக்கும் கவுன்டருக்குப் போங்கள். அங்கே அட்டை ஒட்டியபின் பெரிய சாமான்களுக்கான தனி இடத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வீட்டிலிருந்து கிளம்ப ஆறு இருக்கை வண்டியாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், சாதாரண டாக்சி டிக்கியில் 177 செ.மீ. நுழையாது.

இனி வாடகை விஷயம். உங்கள் கணவரின் ஸ்கீ பல வருஷம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கிடந்திருக்கிறது. விளிம்பில் துரு இருக்கும், அதைத் தீட்டிச் சரிசெய்யலாம். பைண்டிங்கை மட்டும் ஸ்கீ கடையில் சோதிக்காமல் மாட்டக் கூடாது, விழும்போது அது சரியான விசையில் காலை விடுவிக்காவிட்டால் முழங்கால் போய்விடும். அதைவிட பூட்ஸைத்தான் முதலில் பாருங்கள். இங்கே அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கீ பூட்ஸின் கெட்டியான வெளிக்கூடும் பெரும்பாலும் அதே பாலியூரித்தேன் வகைதான். வெடிப்போ உதிர்வோ கண்ணில் பட்டால் தூக்கிப் போடுங்கள்.

என் யோசனை இதுதான்: வருஷத்துக்கு ஒரு வாரம் சறுக்குகிற சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே மேல். பனியின் தன்மைக்கு ஏற்ற அகலமான ஸ்கீயை நிசேக்கோ கடையில் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். பூட்ஸ் வேறு கதை. காலுக்குப் பழகிய நல்ல பூட்ஸ் இருந்தால் அதை மட்டும் கொண்டுபோங்கள், அதுவும் கைப்பையாக. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எகானமியில் கைப்பைக்கு 7 கிலோ, பூட்ஸ் போக 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். சூட்கேஸ் வழியில் எங்காவது தங்கிவிட்டாலும் மறுநாள் சறுக்கலாம்.

அங்கே ஆசைப்பட்டுப் புதுசு வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு 500 வெள்ளி வரை பொருள், சேவை வரி இல்லை, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 9 விழுக்காடு. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பை கிழிந்தோ ஸ்கீ வளைந்தோ வந்தால் சாமான் எடுக்கும் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனக் கவுன்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த சாமானுக்குக் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்பாட்டு விதி. செக்-இன் போது "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்டால், பையைப் பிரித்து நன்றாகக் கட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டபின் இழப்பீடு கேட்டுப் போராடுவது கஷ்டம்.