அம்மாவுக்கு அல்சைமர் என்கிறார்கள். சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்பவருக்குக் காலையில் நடந்தது மட்டும் ஏன் மறக்கிறது?

என் அப்பா தையல்காரர். ஒருநாள் ஒருவருக்குத் தோள் அளவு எடுத்து "பதினேழரை" என்று சத்தமாகச் சொன்னார். நோட்டைத் திறந்து பென்சிலை எடுப்பதற்குள் எண் போய்விட்டது. மறுபடி அளந்தார், மறுபடி போனது. மூன்றாவது முறை நான்தான் எழுதினேன். "வயசாகுதில்ல" என்று சிரித்தார், நானும் விட்டுவிட்டேன். அதே வாரம், 30 வருடத்துக்கு முன்னால் தைத்த ஒரு கோட்டின் அளவுகளை மார்பு, இடுப்பு, கை என்று மடமடவென ஒப்பித்தார். இப்படிப்பட்டவருக்கு மறதி நோய் என்று யார் நம்புவார்கள்?

பிறகுதான் புரிந்தது. ஒன்றை மறக்க வேண்டுமானால் முதலில் அது மனதில் பதிந்திருக்க வேண்டும். அன்றன்று நடப்பதை நிலைக்கும் நினைவாகப் பதிய வைக்க உதவுவது மூளைக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்னப் பகுதி. அல்சைமர் பெரும்பாலும் அதிலும் அதை ஒட்டிய இடத்திலும்தான் முதலில் கை வைக்கிறது. பல வருடம் ஊறிய நினைவுகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவிக் கிடப்பதால் அவை உடனே போவதில்லை. அப்பாவின் பழைய நோட்டுகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன, புது நோட்டில் பென்சில்தான் எழுதவில்லை. உங்கள் அம்மாவுக்கும் அநேகமாக இதுதான். நாளாக நாளாகப் பழைய நோட்டுகளும் அரிக்கும், அதுவும் பெரும்பாலும் கடைசியாக எழுதியதிலிருந்து பின்னோக்கி.

அரிப்பது என்ன என்றால், இரண்டு புரதங்களைச் சொல்கிறார்கள். அமிலாய்ட் நரம்புச் செல்களுக்கு வெளியே படிகிறது, டௌ உள்ளே முறுக்கிக்கொள்கிறது. 1901-இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், 51 வயதான அகஸ்டே டேட்டர் என்ற பெண்ணிடம் பெயரைக் கேட்டார். "அகஸ்டே" என்றார். கணவர் பெயரைக் கேட்டபோதும் "அகஸ்டே"தான். 1906-இல் அகஸ்டே இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தவை இந்தப் படிவும் முறுக்கும்தான். அறிகுறி தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே இவை சேர ஆரம்பித்துவிடலாம் என்பது இன்றைய புரிதல். அப்பா எனக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே ஆரம்பமாகியிருக்குமோ என்று சில ராத்திரி தோன்றும்.

"என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? சொன்னது மருத்துவர் இல்லையென்றால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவையும் இதேபோல் மறதியைக் காட்டும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் சிறுநீர்த் தொற்று போல வேறு ஏதாவது இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. அல்சைமரேதான் என்றாலும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, ஆனால் மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வரலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "இப்பதானேப்பா சொன்னேன், ஞாபகம் இல்லையா?" என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதியாததை எங்கிருந்து எடுத்துத் தருவார்? ஒருமுறை கத்தியேவிட்டேன். பத்து நிமிடத்தில் நான் கத்தியது அவருக்கு நினைவில்லை. ஆனால் சாயங்காலம் வரை தோளைக் குறுக்கிக்கொண்டு மூலையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டால் "தெரியல" என்றார். நடந்தது போய்விட்டது, கலக்கம் மட்டும் தங்கிவிட்டது. அன்றோடு அந்தக் கேள்வியை நிறுத்தினேன்.

கை பழகிய வேலைக்கு மூளையில் வேறு பாதை, அது தாமதமாகத்தான் கெடுகிறது. என் பெயர் போன பிறகும் அப்பாவால் பட்டன் வைக்க முடிந்தது. சட்டையைக் கொடுத்தால் நான்கு துளையிலும் ஊசியை ஏற்றி இறக்கி, அடியில் நூலை மூன்று சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுப்பார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க சார்" என்பார்.

சரி என்பேன்.