இடித்தது முதலில், வலி அப்புறம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராத்திரி இருட்டில் கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டேன். இடித்தது உடனே தெரிந்தது. ‘ஐயோ, வலிக்கப் போகிறதே’ என்று நினைக்கக்கூட நேரம் இருந்தது; அப்புறம்தான் வலி வந்தது. நரம்பில் செய்தி மின்சாரமாகப் போகிறது என்கிறார்கள். மின்சாரத்துக்கு இத்தனை தாமதமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். உடலியங்கியல் வகுப்பில் முதல் பாடமாக வைக்க வேண்டிய கேள்வி இது.

மின்சாரம்தான், ஆனால் வீட்டு வயரில் ஓடுகிற மாதிரி அல்ல. நரம்பு செல்லின் நீண்ட இழைக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது வெளியைவிட உள்ளே சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டார்ச் பேட்டரியின் வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஓரிடத்தைத் தூண்டினால் அங்குள்ள சோடியம் வாசல்கள் திறந்துகொள்ளும், சோடியம் உள்ளே பாயும், மின்னழுத்தம் தலைகீழாகும். அந்த மாற்றம் பக்கத்து வாசல்களைத் திறக்கும். அதற்குள் முதல் இடத்தில் பொட்டாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகிவிடும். எல்லாம் ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வெடியின் சத்தமா கடைசி வெடி வரைக்கும் போகிறது? ஒவ்வொன்றும் தன் மருந்தில் தானே வெடிக்கிறது. நரம்பிலும் செய்தி ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் பிறக்கிறது. அதனால்தான் ஒரு மீட்டர் தாண்டியும் அது தேய்வதில்லை. அதனால்தான் நேரமும் பிடிக்கிறது. சரம் ஒரு தடவையோடு தீர்ந்துபோகும், நரம்பு உடனே அடுத்ததற்குத் தயாராகிவிடும்.

இந்த நேரத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1850-இல் தவளை நரம்பில் அளந்தே காட்டினார்: விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டர். ஓடுகிற ரயிலின் வேகம்தான்.

அவருடைய வழியையே மருத்துவக் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் பல வருஷம் செய்தோம். வழவழப்பான காகிதத்தை உருளையில் சுற்றி, புகையில் காட்டிக் கறுப்பாக்குவோம். தவளையின் கெண்டைத் தசையோடு கட்டிய நெம்புகோல் முனை அந்தக் கரியைச் சுரண்டி வெள்ளைக் கோடு போடும். நரம்பை முதலில் முதுகெலும்புப் பக்கம் தூண்டுவோம், அடுத்த முறை தசைக்குப் பக்கத்தில். இரண்டு கோடுகளும் ஒன்றேதான் என்று மாணவர்கள் சாதிப்பார்கள். லென்ஸைக் கையில் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் தூண்டிய கோடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அளவு முன்னால் எழும்பியிருக்கும். மூன்று சென்டிமீட்டர் நரம்பைக் கடக்கச் செய்தி எடுத்துக்கொண்ட நேரம் அது. காலத்தையே கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும். இப்போது கணினித் திரையில் காட்டுகிறார்கள். தவளைகள் பிழைத்தன, அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனாலும் அந்தக் கரிக் காகிதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, உங்கள் சுண்டுவிரலுக்கு வருவோம். தொடு உணர்வைக் கொண்டுபோகிற இழைகள் தடிமனானவை, மயலின் என்ற கொழுப்புறை போர்த்தியவை. உறை விட்டிருக்கும் இடங்களில் மட்டும் செய்தி புதிதாக எழுவதால் தாவித் தாவிப் போகும். விநாடிக்கு 50 மீட்டர்கூடச் சாதாரணம். ‘சுரீர்’ என்ற முதல் வலி அதைவிட மெல்லிய உறையுள்ள இழைகளில் வருகிறது. அப்புறம் விண்விண்ணென்று தெறிக்கும் வலியைக் கொண்டுவருபவை உறையே இல்லாத சன்ன இழைகள். அவற்றின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். நாம் நடக்கிற வேகம். பாதத்திலிருந்து முதுகுத்தண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். நீங்கள் ‘ஐயோ’ என்று நினைத்த நேரத்துக்குக் கணக்குச் சரியாக வருகிறதா?

கேள்வி: பல் பிடுங்கும்போது மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். இழுப்பது தெரிந்தது, வலி மட்டும் இல்லை. எப்படி?
– வாசகி, சேலம்

பதில்: ஊசியில் இருந்த லிக்னோகெயின் அந்தச் சோடியம் வாசல்களை அடைத்துவிடுகிறது. சரத்தில் நடுவே நாலு வெடி நனைந்துபோன மாதிரி; செய்தி அதைத் தாண்டாது. வலியைக் கொண்டுபோகிற சன்ன இழைகள் மருந்துக்குச் சீக்கிரம் மடங்கும், அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உதடு தெளிகிற வரைக்கும் சூடாகக் காபி குடிக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

கேள்வி: அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் கடைக்குப் போனவர் ஒரு காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்தார். கழன்றதே தெரியவில்லையாம். மறதியா?
– வாசகி, விருதுநகர்

பதில்: மறதி என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்தால் நரம்பிழைகள் கெடும். மிக நீளமான இழைகள்தான் முதலில் அடிபடும். பாதத்துக்கு வரும் இழையின் தாய் செல் இடுப்புக்குப் பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து அத்தனை தூரம் தள்ளி இருக்கிற கால்விரல் நுனியில்தான் பழுது தொடங்கும். பிறகு மேலே ஏறும். செருப்பு வார் உரசுகிறதா, கழன்றதா என்ற செய்தி கிளம்பவே இல்லை. அப்பாவின் மூளை எதை மறக்கும்?

இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை, வலியும் இல்லை.

வீட்டில் தினமும் ராத்திரி அவர் உள்ளங்காலை நீங்களே பாருங்கள், விரலிடுக்கு உட்பட. பின்வார் வைத்த செருப்பாக வாங்கிக் கொடுங்கள். போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு சின்னக் கல் கிடந்தாலும் போதும், புண்ணாகிவிடும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கவே கூடாது. கோயில் பிராகாரத்தை உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றுவதும் வேண்டாம். விடியற்காலையில் அழைத்துப் போங்கள்.