கழிவுநீர்க் கசடிலிருந்து உயிர்வாயு எடுப்பது ஆற்றல் கணக்கில் லாபமா?

கசடைச் சூடாக்கவே வாயு முழுவதும் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது; ஆனால் கசடில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஒரு டன் கசடை எடுத்துக்கொள்வோம். திடப்பொருள் 3 சதவீதம், அதாவது வெறும் 30 கிலோ, மீதியெல்லாம் தண்ணீர். அதை 15 டிகிரியிலிருந்து மூடிய தொட்டியில் கசடைச் செரித்து வாயு தரும் நுண்ணுயிரிகளுக்கு ஏற்ற 35 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 23 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். கிடைக்கும் வாயு சுமார் 9 கன மீட்டர். அதன் ஆற்றல் 55 யூனிட் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட பாதியைத் தண்ணீரே விழுங்கிவிடுகிறது! அதே கசடை முன்கூட்டியே 6 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினால் சூடாக்கும் செலவு பாதியாகிறது, வாயு குறைவதில்லை. புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பேன். வாயுவை எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுத்தால், வெளியேறும் சூடே தொட்டியைச் சூடாக்கப் பெரும்பாலும் போதும்.

சுற்றுச்சூழல் பக்கத்தில் எனக்குப் பெரிய கவலை கசிவுதான். உயிர்வாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். செரித்த கசடைத் திறந்த தொட்டியில் வைத்தால் அங்கிருந்தும் மீத்தேன் வெளியேறும். மூடி போட்டே ஆக வேண்டும். கசடைப் பிழிந்த நீரில் அம்மோனியா மிகுந்திருப்பதால், அதைச் சுத்திகரிக்கக் காற்றூட்டும் மின்செலவும் கூடும். கன உலோகங்கள் செரிப்பில் அழிவதில்லை. வயலில் இடுவதற்கு முன் பரிசோதனை அவசியம்.