சொல் ஏணிப் புதிரில் நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

சொல் ஏணி என்பது ஒரு சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, இன்னொரு சொல்லை அடையும் விளையாட்டு. இடையில் வரும் ஒவ்வொன்றும் பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். 1877-இல் ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் உருவாக்கியது. இன்று தினம் ஒரு புதிராக இணையத்தில் வருகிறது.

'மேகம்' என்பதை 'வானம்' ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாற வேண்டியவை இரண்டே எழுத்துகள். ஆனால் 'வாகம்', 'மேனம்' என்ற சொற்கள் புழக்கத்தில் இல்லையே! ஓடையைத் தாண்டும்போது கல் கிடக்கும் இடத்தில்தானே கால் வைக்க முடியும், அதுபோலத்தான். நேர்க்கோட்டில் கல் இல்லையென்றால் சற்று விலகித்தான் போக வேண்டும்.

எனக்கு எப்போதும் கைகொடுப்பது இரு முனையிலிருந்தும் தேடுவது. மேகத்துக்குப் பக்கத்தில் வேகம், சோகம், பாகம், தாகம். வானத்துக்குப் பக்கத்தில் மானம், கானம், தானம். இந்த இரண்டு வரிசைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாகமும் தானமும் ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன. சரி, பாலம் கிடைத்துவிட்டது: மேகம், தாகம், தானம், வானம். அந்த இணைப்பு கண்ணில் படும் நொடிக்காகவே நான் தினமும் உட்காருகிறேன்.

அப்புறம், ஒவ்வொரு படியிலும் இலக்குச் சொல்லின் எழுத்து ஒன்று வந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை, மேலே பாலமாக வந்த 'தா' என்ற எழுத்தே மேகம், வானம் என்ற இரண்டு முனைகளிலும் கிடையாது.