கல்யாண போட்டோகிராபர் தன் இணையதளத்தில் படங்களை எப்படி அடுக்கினால் வாடிக்கையாளர் வருவார்?

எடுத்த 400 படங்களையும் ஒரே பக்கத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முகப்புக்கு 20 போதும். ஆனால் பெண் வீட்டார் தேடுவது வேறு. மண்டபத்தின் மஞ்சள் விளக்கிலும் முகம் தெளிவாக விழுகிறதா, தாலி கட்டும் நொடியில் அட்சதை மழைக்கு நடுவே கேமரா எங்கே நின்றது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் ஒரு கல்யாணத்தையாவது மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை முழுசாகக் காட்டுங்கள். என்னிடம் வந்தவர்கள் பலரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள்.

அப்புறம், படத்தின் நீளமான விளிம்பை 2048 பிக்சலுக்குக் குறைத்து, இணையத்தில் வழக்கமான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபியில் (sRGB) ஏற்றுங்கள். அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு நிற அமைப்பில் விட்டால் சில திரைகளில் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் வெளிறிப்போகும். ஊர், தொடக்க விலை, வாட்ஸ்அப் எண் மூன்றும் மேலேயே இருக்கட்டும். குடும்பத்தாரிடம் கேட்காமல் எந்தப் படத்தையும் ஏற்றாதீர்கள்.