வளர்பருவ நகைச்சுவைப் படம் என்றால் என்ன? ‘லேடி பேர்ட்’ எப்படி அந்த வகையில் சேர்கிறது?

பள்ளிப் பருவம் முடிந்து பெரியவராகும் காலத்தின் தடுமாற்றங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் படங்களை இப்படி அழைக்கிறோம். கிரெட்டா கெர்விக் எழுதி இயக்கிய ‘லேடி பேர்ட்’ (2017) அதற்கு அருமையான உதாரணம். அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில், கத்தோலிக்கப் பள்ளியில் இறுதியாண்டு படிக்கும் கிறிஸ்டீன், பெற்றோர் வைத்த பெயரை உதறிவிட்டு ‘லேடி பேர்ட்’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொள்கிறாள்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அந்த வயதில் ஆசை பெரியவர்களுடையது, அனுபவமோ குழந்தையுடையது. வளர்ந்தாலும் போதும் என்று அளவு கூட்டித் தைத்த சீருடையைப் போல: தோள் சரிந்து தொங்கும், நடை மட்டும் மிடுக்காக இருக்கும்.

பழைய துணிக்கடைக் காட்சியைப் பாருங்கள். தாயும் மகளும் காரசாரமாக வாக்குவாதம் செய்கிறார்கள். அழகான ஓர் உடை கண்ணில் பட்டதும் இருவரும் சண்டையை அப்படியே மறந்து அதை ரசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், படத்தின் உயிரே அந்தச் சில நொடிகள்தான்.

பள்ளிப் படம் என்றாலே காதலும் கும்மாளமும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; இதில் காதல்கள் வந்து போகின்றன, கதை கடைசிவரை தாய்க்கும் மகளுக்கும் இடையில்தான் நடக்கிறது.